கேளுங்க, பேசுவோம்: பெண்கள் பக்கம் யாருக்கு?

கேள்வி: அக்கா, நான் மார்த்தாண்டத்துல ஜவுளிக்கடைல வேல பாக்கேன். பஸ் மாறுற எடத்துல பெண்கள் கழிப்பறைக்கு ஒரு திருநங்கை வருவாங்க. இதுவரை ஒண்ணும் செஞ்சதில்ல, ஆனா உள்ள போறதுக்கு எனக்கு ஒரு மாதிரி பயமா இருக்கு. வெளிய சொன்னா "நீ பழைய பஞ்சாங்கம்"ங்காங்க. நான் நினைக்கிறது தப்பா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: பயப்படுறது தப்பே இல்ல தங்கச்சி. பஸ்ஸுல இடிக்கிறவன், கழிப்பறை ஜன்னல்ல போன நீட்டுறவன், ராத்திரி பின்னாலயே நடந்து வாறவன்னு சின்ன வயசுல இருந்து பாத்துப் பாத்து நம்ம உடம்பு தானா உஷாராகிக்கிடுது. அத பழைய பஞ்சாங்கம்னு சொல்றவங்களுக்கு இந்தக் குமரி மாவட்டத்து வரலாறே தெரியாது. உடம்ப மறைச்சி சேல போடுறதுக்கே நம்ம பாட்டிமாருக்கு பாட்டிமாரு 1820கள்ல இருந்து தோள்சீலைக்காக அடி வாங்கினாங்க, சந்தைல அவங்க துணிய உயர்சாதிக்காரங்க கிழிச்சாங்க, அப்புறம் 1859லதான் திருவிதாங்கூர் மகாராஜா சாணார் (இன்னைக்கு நாடார்) பெண்கள் மேல்துணி போடலாம்னு உத்தரவு போட்டாரு. அதுலயும் உயர்சாதிப் பெண்கள் மாதிரி போடக்கூடாதுன்னு ஒரு கண்டிஷன். அப்பேர்ப்பட்ட ஊர்ல ஒரு பொண்ணு "எனக்கு மறைவு வேணும்"னு சொன்னா அத காது குடுத்துக் கேக்கணும், கேலி பண்ணக்கூடாது.

ஆனா அதே வரலாறு இன்னொண்ணும் சொல்லுது பாரு, யாரு என்ன உடுத்தணும், எந்தப் பக்கம் நிக்கணும்னு அடுத்தவன் முடிவு பண்ணினா அது எவ்வளவு கொடுமைன்னு. நீயே எழுதிருக்க, அவங்க ஒண்ணும் செஞ்சதில்லன்னு. அந்த வரிய நான் ரெண்டு தடவ படிச்சேன். சேல கட்டி, பூ வச்சி வாற ஒருத்தர ஆண்கள் பக்கம் போன்னு அனுப்பினா அங்க என்ன நடக்கும்னு உனக்கே தெரியும், நீ எதுக்கு பயப்படுறியோ அதேதான் அவங்களுக்கும் நடக்கும். 2014 ஏப்ரல்ல தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நல்சா) போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்த அங்கீகரிச்சப்பவே தனி பொதுக்கழிப்பறை கட்டிக் குடுக்கணும்னும் சொல்லிருச்சி. எத்தன பஸ் ஸ்டாண்டுல அப்படி ஒண்ண நீ பாத்திருக்க?

நான் சண்ட போடணும்னு நினைக்கிறது அங்கதான். தாழ்ப்பாள் இல்ல, லைட் இல்ல, கதவுக்குக் கீழ ஒரு அடி இடைவெளி, காசு வாங்க மட்டும் வாசல்ல ஒரு ஆம்பள. உன் பயத்துக்கு நெசமான மருந்து தரையோட ஒட்டுன முழுக்கதவு, நல்ல தாழ்ப்பாள், வாசல்ல ஒரு பெண் ஊழியர். யாரா இருந்தாலும், ஆணோ பெண்ணோ திருநங்கையோ, உள்ள வச்சி தப்பா நடந்தா உடனே புகார் குடு, நடத்தைக்குத்தான் புகார், பிறப்புக்கு இல்ல. நகராட்சிக்கு ஒரு மனு எழுதி உன் கடையில வேல பாக்குற பிள்ளைகள்ட்ட எல்லாம் கையெழுத்து வாங்கு, முடிஞ்சா அந்தத் திருநங்கைட்டயும் வாங்கு, அவங்களுக்கும் அதே தாழ்ப்பாள்தான வேணும்.

கேள்வி: லண்டன்ல உச்ச நீதிமன்றமே பிறப்பால் பெண்ணானவங்கதான் பெண்ணுன்னு தீர்ப்பு சொல்லியாச்சு. நம்ம நாட்டுல மட்டும் ஏன் இன்னும் மழுப்புறாங்க? ஜெயில், விளையாட்டு எல்லாம் என்ன ஆகுறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தக்கலை

பதில்: அண்ணாச்சி, அந்தத் தீர்ப்பு 2025 ஏப்ரல் 16ல வந்தது, ஸ்காட்லாந்துப் பெண்கள் அமைப்பு ஒண்ணு அவங்க அரசாங்கத்து மேல போட்ட வழக்கு. ஐந்து நீதிபதிகளும் ஒரே குரல்ல சொன்னது என்னன்னா, அவங்க நாட்டு 2010 சமத்துவச் சட்டத்துல பெண்ணுங்கிற சொல் பிறப்புல அமையிற உயிரியல் பாலினத்த குறிக்குதுன்னு. ஆனா வாட்ஸப்புல அதோட பாதிதான் வருது. பாலினம் மாறினவங்களுக்கு அதே சட்டத்துல தனிப் பாதுகாப்பு இருக்கு, அது அப்படியேதான் இருக்கும்னும் அதே தீர்ப்பு சொல்லுது. எப்படி இருந்தாலும் அது அவங்க சட்டத்துக்கு அவங்க குடுத்த விளக்கம், நாகர்கோவில் கோர்ட்ட கட்டுப்படுத்தாது. நம்ம பக்கத்துல 2019ல மதுரை அமர்வு, இந்து திருமணச் சட்டத்துல மணமகள்னு சொன்னா திருநங்கையும் அதுல வருவாங்கன்னு தீர்ப்பு சொல்லிருக்கு, அது பக்கத்து தூத்துக்குடி ஜோடியோட வழக்கு. இதுல மழுப்பல் எங்க இருக்கு அண்ணாச்சி?

ஜெயில் விஷயத்துல உங்க கவலையோட நான் நிக்கேன். ஸ்காட்லாந்துல ரெண்டு பெண்கள பலாத்காரம் செஞ்சி, கேஸ் பதிவான பிறகு தன்ன பெண்ணா அறிவிச்ச ஒருத்தர 2023ல மொதல்ல பெண்கள் சிறைக்குத்தான் கொண்டு போனாங்க, பெரிய எதிர்ப்பு வந்த பிறகு ஆண்கள் சிறைக்கு மாத்தினாங்க. எதிர்த்த பெண்கள் சொன்னது சரி. பூட்டுன எடத்துல ஓடித் தப்பிக்க வழி இல்லாத பெண்கள் இருக்காங்க, அங்க குற்றத்தப் பாத்து, ஆளப் பாத்து முடிவெடுக்கணும். நம்ம உள்துறை அமைச்சகமும் 2022 ஜனவரில மாநிலங்களுக்கு எழுதின கடிதத்துல திருநர் கைதிகளுக்குத் தனிப் பகுதி வேணும், ஆனா அது அவங்கள ஒதுக்கி வைக்கிற மாதிரி ஆகக்கூடாதுன்னுதான் சொல்லிருக்கு. பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்கும் ஜெயிலுக்கும் ஒரே விதி போட முடியாது, ரெண்டு பக்கத்துக்காரங்களும் ஒரே விதி கேக்குறதாலதான் இவ்வளவு சத்தம்.

விளையாட்டும் அப்படித்தான், ஆண் பருவ வளர்ச்சி முடிஞ்சி மாறினவங்க பெண்கள் பிரிவுல ஓட முடியாதுன்னு உலகத் தடகள அமைப்பு 2023ல விதி போட்டுச்சு. உடம்பு பலத்துல வித்தியாசம் இருக்கு, அதப் பேசுறது நியாயம். ஆனா சந்தேகப்பட ஆரம்பிச்சா அது யார் தலைல விழும்னும் யோசிங்க. புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசியப் போட்டில 800 மீட்டர்ல வெள்ளி வாங்கினாங்க, பாலினச் சோதனைன்னு சொல்லி அந்த மெடல பறிச்சாங்க. அவங்க திருநங்கை கெடையாது, பெண்ணாப் பிறந்து பெண்ணா வளர்ந்த ஏழை வீட்டுப் பிள்ளை. ஊரே அந்தப் பிள்ளையோட உடம்பப் பத்திப் பேசிச்சு, அதுக்கு இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஆத்தாமைதான்.

கேள்வி: காலேஜ் குரூப்புல இந்த விளையாட்டு விதியப் பத்தி ஒரு கேள்விதான் கேட்டேன். வெறுப்பு பரப்புறன்னு குரூப்ப விட்டே தூக்கிட்டாங்க. பேச்சு சுதந்திரம் அவ்வளவுதானா?
– மாணவி, நாகர்கோவில்

பதில்: குரூப்ப விட்டுத் தூக்குறது அரசியல் சாசனம் 19வது பிரிவுல வராது மக்ளே, அது அரசாங்கத்துக்கிட்ட கேக்குற உரிமை. ஆனா அவங்க செஞ்சது சரின்னு நான் சொல்லமாட்டேன். நமக்கு ஆகாதத பேசினவங்க வாய மூடுறது தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்ல. 2005ல நடிகை குஷ்பு கல்யாணத்துக்கு முந்தின உறவப் பத்தி ஒரு பத்திரிகைல கருத்து சொன்னதுக்கு ஊர் ஊரா கேஸ் போட்டாங்க, 2010ல உச்ச நீதிமன்றம்தான் எல்லாத்தையும் ரத்து பண்ணிச்சு. அன்னைக்கு குஷ்பு பக்கம் நின்னவங்க, இன்னைக்கு ஒரு மாணவி கேள்வி கேட்டா பதில் சொல்லணும், தூக்கக்கூடாது. இங்கிலாந்துல மாயா ஃபார்ஸ்டேட்டர்னு ஒருத்தங்க, ஆண், பெண்ங்கிற பிறப்புப் பால் மாறாதுன்னு எழுதினதால வேல ஒப்பந்தம் புதுப்பிக்கப்படல, கேஸ் போட்டாங்க. 2021ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அப்படி ஒரு நம்பிக்கை வச்சிக்கிட உரிமை உண்டுன்னு சொல்லிச்சு, அதுக்காக அடுத்தவங்கள தொந்தரவு செய்ய லைசென்ஸ் கெடையாதுன்னும் சேத்தே சொல்லிச்சு. எனக்கு அந்த ரெண்டு பாதியும் வேணும். விதியப் பத்திக் கேளு, சட்டத்தப் பத்திக் கேளு, போராடுறவங்களயும் கேள்வி கேளு. கிளாஸ்ல பக்கத்துல உக்காந்திருக்க பிள்ளைய, திருநங்கைகள கேலி பண்ற அந்த நம்பரச் சொல்லிக் கூப்பிடுறது மட்டும் கருத்துல சேராது, அதுக்கு நான் துணைக்கு வரமாட்டேன். நீ கேட்டது மொத வகைன்னு உன் கடிதத்துலயே தெரியுது, அதனால அதே கேள்விய காலேஜ் பட்டிமன்றத்துல கேளு, மேடைல ஒரு திருநங்கையையும் பேச்சாளரா கூப்பிடச் சொல்லு.

கேள்வி: நான் குளச்சல் பக்கம் உள்ள திருநங்கை. கட்டணமில்லா பஸ்ல பெண்கள் சீட்டுல உக்காந்திருந்தேன், யாரோ வீடியோ எடுத்து அசிங்கமா எழுதிப் போட்டுட்டாங்க. இப்ப வெளிய போகவே முடியல. என்ன செய்ய?
– வாசகி, குளச்சல்

பதில்: மொதல்ல ஒண்ணு, அந்தப் பயணம் உங்களுக்கு யாரும் போட்ட பிச்ச இல்ல, 2021ல பெண்களுக்கு இலவசப் பயணம் வந்த கொஞ்ச நாள்லயே அரசு திருநங்கைகளையும் அதுல சேத்துருச்சி. வீடியோவ அழிக்கச் சொல்லி அவங்கள்ட்ட கெஞ்சப் போகாதீங்க. லிங்க், போட்ட ஆளோட கணக்குப் பேரு, தேதி தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட், எல்லாத்தையும் சேத்து வைங்க. cybercrime.gov.in தளத்துல சைபர் புகார் பதிவு பண்ணுங்க, நாகர்கோவில் எஸ்.பி. ஆபீஸ்லயும் எழுத்துல குடுங்க. 2019ல வந்த திருநர் உரிமைச் சட்டத்துல 18வது பிரிவு இருக்கு, வார்த்தையால, மனசால துன்புறுத்தினாலும் ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வருஷம் வரைக்கும் தண்டனைன்னு அதுல எழுதிருக்கு, மனுல அந்தப் பிரிவ பேர் சொல்லி எழுதுங்க. தனியா போகாதீங்க, கூட ஒரு ஆளக் கூட்டிட்டுப் போங்க. "பாக்கலாம், போயிட்டு வா"ன்னு சொன்னா எழும்பாதீங்க, சி.எஸ்.ஆர். ரசீது (புகார வாங்கிக்கிட்டதுக்கான அத்தாட்சி) கைல வாங்கின பிறகு வெளிய வாங்க.