ஃப்ளூ ஊசிக்குப் பின் தோள்வலி: வக்கீல் செலவை நினைத்து விட்டுவிடாதீர்கள்

வணக்கம். நியூ ஜெர்சியில் ஃப்ளூ ஊசி போட்ட மறுநாளே தோள்வலி தொடங்கி, எட்டு மாதமாகியும் கையைத் தூக்க முடியவில்லை, வக்கீலுக்குப் பணமில்லை என்கிறீர்கள். அமெரிக்கத் தேசியத் தடுப்பூசி இழப்பீட்டுத் திட்டத்தில் வக்கீல் உங்களிடம் கட்டணம் வாங்கவே கூடாது. நியாயமான அடிப்படை உள்ள மனு என்றால், தோற்றாலும் நீதிமன்றம் அவருக்குக் கட்டணம் வழங்கலாம்.

வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கி, பாதிப்பு 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டும் பொருந்துகிறது, சரி. ஆனால் டாக்டர் குறிப்பில் அது பதிவாகியிருக்கிறதா? சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். எந்தக் கையில் ஊசி போட்டார்கள் என்ற பார்மசி பதிவையும் இப்போதே வாங்கிவிடுங்கள். மனுவுக்குக் கெடு, அறிகுறி தொடங்கியதிலிருந்து 3 ஆண்டு.

அப்புறம், அன்றே கோவிட் ஊசியும் போட்டிருந்தால் அது வேறு திட்டம். அங்கே ஊசி போட்டதிலிருந்து ஒரே வருடம்தான்.