வார்டைப் பார்த்துவிட்டுக் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பிளஸ் டூ முடிவுகள் வெளியானதிலிருந்து எனக்கு வந்து குவிந்துள்ள கடிதங்களில் பெரும்பாலானவை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவை. கிறிஸ்தவ நிறுவனங்கள் நடத்தும் நர்சிங், பார்மசி படிப்புகளைப் பற்றியே அவற்றில் அதிகமாகக் கேட்டிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வார்டிலும் வகுப்பறையிலும் செவிலிய மாணவிகளோடு இருந்தவள் என்ற முறையில், ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

*என் மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் உயிரியல் பிரிவு படித்து 600-க்கு 471 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். அவளுக்கு நர்சிங் மீது ஆசை. அவளுடைய அப்பாவோ, இரவுப் பணி எல்லாம் வேண்டாம், பார்மசி படிக்கட்டும் என்கிறார். எது நல்லது?*
— ஒரு தாய், காரிமங்கலம்

அம்மா, இரண்டுமே நான்கு ஆண்டுப் பட்டப்படிப்புகள்தான். இரண்டிலும் எட்டு செமஸ்டர்கள். தமிழ்நாட்டில் இரண்டுக்கும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே கலந்தாய்வு நடக்கிறது. ஆனால் படிக்கும் விதமும் அன்றாட வேலையும் ஒன்றுக்கொன்று வெகு தூரம்.

பி.பார்ம். மாணவியின் நாள் பெரும்பாலும் ஆய்வகத்தில் கழியும். மருந்தின் வேதியியல், அது உடலில் செய்யும் வேலை, மூலிகைகளிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்தெடுப்பது, மாத்திரையாகவும் களிம்பாகவும் உருவாக்குவது, தரம் பார்ப்பது என்று அது விரியும். உயிரியல் பிரிவிலிருந்து வருபவர்களுக்கு முதல் செமஸ்டரிலேயே கணிதத்தைத் தனிப் பாடமாக வைத்து இட்டு நிரப்புவார்கள். கணிதப் பிரிவிலிருந்து வருபவர்களுக்கு உயிரியல். ஆகவே உங்கள் மகள் கணக்கைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

நர்சிங் மாணவி முதல் ஆண்டிலேயே வார்டுக்குள் போய்விடுவாள். நோயாளி படுத்திருக்கும்போதே, அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, சுருக்கம் விழாமல் விரிப்பை மாற்றுவதுதான் நான் முதலில் சொல்லிக்கொடுக்கும் வேலை. பார்க்க எளிதாகத் தோன்றும். ஆனால் எழுபது வயதுப் பாட்டியின் இடுப்பெலும்பு முறிந்திருக்கும்போது, அவர் முகம் சுளிக்காமல் அதைச் செய்து முடிக்கப் பல மாணவிகளுக்கு ஒரு செமஸ்டர் முழுவதும் தேவைப்படும். விரிப்பின் ஒரு சுருக்கம் இரண்டு நாளில் படுக்கைப் புண்ணாகும் என்பதைக் கண்ணால் கண்ட பிறகுதான் கை நிதானத்துக்கு வரும்.

மருந்தைப் பற்றிய படிப்பு பார்மசிக்கு மட்டும் உரியது என்றும் எண்ண வேண்டாம். 2021-22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில் நர்சிங் மாணவிகளும் மூன்றாம், நான்காம் செமஸ்டர்களில் மருந்தியல் படிக்கிறார்கள். ஒரு மாணவி ஒருமுறை பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலைக் கையில் எடுத்துவிட்டு, லேபிளை இரண்டாம் முறை படித்தபின் என்னிடம் ஓடி வந்தாள். குளுக்கோஸ் பாட்டிலில் கலந்து மெதுவாக ஏற்ற வேண்டிய அந்த மருந்தை நேராக நரம்பில் செலுத்தினால் இதயமே நின்றுவிடும். அன்று அந்த நோயாளி பிழைத்தது அவள் அந்த லேபிளை இரண்டாம் முறை படித்ததால்தான். இந்தப் பழக்கம் நர்சுக்கும் வேண்டும், மருந்தாளுநருக்கும் வேண்டும்.

இரவுப் பணி குறித்து உங்கள் கணவருக்கு இருக்கும் அச்சம் நியாயமானது. மாணவியாக இருக்கும்போதே நைட் டூட்டி உண்டு. ஆகவே விடுதிக்கும் மருத்துவமனைக்கும் எவ்வளவு தூரம், இரவில் மாணவிகளை யார் அழைத்துப் போகிறார்கள், வார்டில் உடன் இருக்கும் ஆசிரியை யார் என்று கல்லூரிக்கே நேரில் போய்க் கேட்கட்டும். இதற்கு நேரான பதில் சொல்லும் கல்லூரியில் பெண்ணைச் சேர்க்கலாம். ஆனால் அவளுடைய ஆசையை இரவுப் பணிக்காக மட்டும் மாற்றிவிட வேண்டாம் என்பது என் கருத்து. வேண்டாவெறுப்பாக நர்சிங்குக்கு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், விருப்பத்தோடு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நோயாளி அந்த வேறுபாட்டை ஒரே நாளில் கண்டுகொள்வார்.

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். விடுதிச் செலவில் ஒரு பகுதிக்கு அது கைகொடுக்கும்.

*கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்த்தால் ஜெபத்துக்கு வா, மதம் மாறு என்பார்கள் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். மறுபுறம், அங்கேதான் நர்சிங் படிப்பு நன்றாக இருக்கும் என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது?*
— ஒரு தந்தை, காவேரிப்பட்டணம்

ஐயா, முதல் பாதிக்குச் சட்டமே பதில் சொல்கிறது. சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை அமைத்து நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30-ஆவது பிரிவு தருகிறது. அதே அரசியலமைப்பின் 28(3) பிரிவு, அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற எந்தக் கல்வி நிறுவனத்திலும், மாணவரின் சம்மதம் இல்லாமல், அவர் வயது வராதவர் என்றால் பெற்றோரின் சம்மதம் இல்லாமல், அவரை மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் செய்யக் கூடாது என்கிறது. காலை வகுப்புக்கு முன் பிரார்த்தனை நடக்கும் கல்லூரிகள் உண்டு. உங்கள் மகளுக்கு விருப்பமில்லை என்றால் சேரும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். நான் அறிந்தவரை, திருநீறு பூசிய நெற்றியோடும் பர்தாவோடும் வந்த மாணவிகள் கிறிஸ்தவக் கல்லூரிகளில் படித்துப் பட்டம் பெற்று, இன்று பெரிய பொறுப்புகளில் இருக்கிறார்கள்.

இரண்டாம் பாதிதான் எனக்கு முக்கியம். கிறிஸ்தவக் கல்லூரி என்றாலே நல்ல நர்சிங் கல்லூரி என்ற பெயர் எங்கிருந்து வந்தது? நம் கிருஷ்ணகிரியிலிருந்து இரண்டு, மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவத்துக்கு உதவி கேட்டு மூன்று வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தும், பெண் மருத்துவர் இல்லாததால் மூன்று பெண்களும் இறந்துபோனதைக் கண்டுதான், அமெரிக்க மிஷனரிக் குடும்பத்துப் பெண்ணான ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனார். படித்துத் திரும்பி, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு சிகிச்சையைத் தொடங்கினார். 1903-இல் கம்பவுண்டர்களுக்குப் பயிற்சி, 1909-இல் செவிலியர் பள்ளி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி, 1946-இல் நர்சிங் பட்டப்படிப்பு என்று ஒவ்வொன்றாக வந்தன. அந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் நோயாளி வந்தார், பிறகுதான் வகுப்பறை வந்தது. மருந்து கலக்கவும் நோயாளியைப் பேணவும் ஆட்கள் தேவைப்பட்டதால்தான் பயிற்சியே பிறந்தது.

அந்த நற்பெயரைப் புனிதரின் பெயர் தாங்கிய பெயர்ப்பலகைக்கு நாம் இன்று எளிதாகக் கொடுத்துவிடுகிறோம். பெயர்ப்பலகையில் சிலுவை இருப்பதால் மட்டும் கல்லூரிக்குத் தரம் வந்துவிடாது. சொந்த மருத்துவமனை இருக்கிறதா? இருந்தால் படுக்கைகளில் ஆட்கள் படுத்திருக்கிறார்களா? பட்டப்படிப்பு நடத்தும் நர்சிங் கல்லூரிக்கு 100 படுக்கை மருத்துவமனை தேவை என்பது விதி. ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் நிரம்பும் படுக்கைகளையும் நான் கண்டிருக்கிறேன். ஆகவே சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் புறநோயாளிகள் பகுதியில் உட்காருங்கள். பிரசவ அறையில் மாதம் எத்தனை பிரசவங்கள் நடக்கின்றன என்று அங்கிருக்கும் சிஸ்டரிடம் கேளுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவியைப் பார்த்தால், “இதுவரை எத்தனை பிரசவம் நீயே பார்த்திருக்கிறாய், அம்மா?” என்று கேளுங்கள். அவள் சொல்லும் எண்ணிக்கையே கல்லூரியின் உண்மையான தரச் சான்று.

கட்டணம் பற்றி ஒரு சொல். சுயநிதி நர்சிங் கல்லூரிகளில் சிறுபான்மை நிறுவனங்கள் 50 விழுக்காட்டு இடங்களை அரசு ஒதுக்கீட்டுக்குத் தருகின்றன. அந்த இடத்தில் சேருவதற்கும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேருவதற்கும் செலவில் பெரிய வேறுபாடு இருக்கும். கலந்தாய்வை முயலாமல் நேராக நிர்வாக இடத்துக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

*பெங்களூரில் பி.எஸ்சி. நர்சிங் இடம் வாங்கித் தருவதாக ஒருவர் வீடு தேடி வந்து பேசுகிறார். முன்பணம் கொடுக்கலாமா?*
— ராயக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்

கொடுக்காதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூன் மாதங்களில் ஓசூர் முதல் அரூர் வரை இப்படி ஆட்கள் வருகிறார்கள். என் உறவில் ஒரு பெண் இப்படித்தான் சேர்ந்தாள். சேர்ந்த பிறகு கல்லூரி என்று இருந்தது ஒரு வாடகைக் கட்டடத்தின் இரண்டு தளங்கள். போஸ்டிங் (மருத்துவமனைப் பயிற்சி) என்று சொல்லி வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு சிறிய நர்சிங் ஹோமில் நிற்க வைத்தார்கள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டதால் இடையில் விலகவும் முடியவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, அரசு மருத்துவமனை நேர்காணல் ஒன்றில் குழந்தைக்கு நரம்பு ஊசி எங்கே போடுவது என்று கேட்டபோது அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அறிவுள்ள பெண், அவளுக்கு யாரும் குழந்தையின் கையைப் பிடித்துக் காட்டவே இல்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கொதிக்கிறது.

பெங்களூரில் மிகச் சிறந்த நர்சிங் கல்லூரிகளும் இருக்கின்றன. கிறிஸ்தவ நிறுவனங்களும் அவற்றில் உண்டு. ஆனால் அவை தரகரை வைத்து ஆள் பிடிப்பதில்லை. கல்லூரியின் பெயர் அந்தக் கல்வியாண்டுக்கான இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலிலும், கர்நாடக நர்சிங் கவுன்சில் பட்டியலிலும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பார்மசி என்றால் இந்திய பார்மசி கவுன்சில் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின் கீழ் அங்கீகரித்திருக்க வேண்டும். அது இல்லாத பட்டத்தை வைத்து மருந்தாளுநராகப் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் மருந்துக் கடையில் சட்டப்படி மருந்து வழங்கவும் முடியாது. எக்காரணம் கொண்டும் மூலச் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு ரசீது இல்லாமல் வராதீர்கள்.

*டி.பார்ம். (பார்மசி டிப்ளமோ) முடித்துவிட்டு ஊரில் மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறேன். மேற்கொண்டு பி.பார்ம். படிக்கலாமா?*
— ஓர் இளைஞர், பாலக்கோடு

தாராளமாகப் படிக்கலாம், தம்பி. நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். கடை வைப்பதே நோக்கம் என்றால் டி.பார்ம். பதிவே போதும்; 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் திட்டத்தில் டி.பார்ம்., பி.பார்ம். இரு தரப்பினருமே விண்ணப்பிக்கலாம். மருந்துத் தொழிற்சாலை, தரக்கட்டுப்பாடு, மேற்படிப்பு என்று எண்ணம் இருந்தால் பட்டம் அவசியம்.

*அமெரிக்காவில் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் நர்சிங்கோ பார்மசியோ படிக்க நினைக்கிறேன். அல்லது இங்கே படித்துவிட்டுப் போகலாமா?*
— ஒரு மாணவி, ஓசூர்

மகளே, அங்குள்ள தனியார் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தை இங்குள்ள கிறிஸ்தவக் கல்லூரியைப் போல எண்ணிவிடாதே. ஒஹையோ மாநிலத்தில் நர்சிங், பார்மசி இரண்டையும் நடத்தும் சீடர்வில் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள். அங்கே சேர கிறிஸ்தவ விசுவாச அறிக்கையே நிபந்தனை. நாள்தோறும் ஆராதனைக் கூட்டம் உண்டு. எந்தப் பட்டம் படித்தாலும் வேதாகமப் பாடத்தைத் துணைப்பாடமாக முடிக்க வேண்டும். மனமொத்துப் போகிறவருக்கு அது நல்ல இடம். உனக்கு அந்த விசுவாசம் இல்லை என்றால், விண்ணப்பத்தில் பொய் எழுதிச் சேராதே.

இங்கே படித்துப் போவதில் நர்சிங்குக்கும் பார்மசிக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. இங்கே பி.எஸ்சி. நர்சிங் முடித்துப் பதிவு செய்தவர், சான்றிதழ் மதிப்பீட்டையும் ஆங்கிலத் தேர்வையும் முடித்து, அமெரிக்காவில் நர்சாக உரிமம் பெறுவதற்கான என்கிளெக்ஸ் தேர்வை எழுதலாம். பார்மசியில் அமெரிக்கா பார்ம்.டி. என்ற ஆறு ஆண்டு பார்மசிப் பட்டத்தையே தகுதியாக வைத்திருக்கிறது. 2003 முதல் வெளிநாட்டில் பட்டம் பெற்றவர் குறைந்தது ஐந்தாண்டுப் படிப்பு முடித்திருந்தால்தான் அங்கே தகுதித் தேர்வுக்கே விண்ணப்பிக்க முடியும். நம் நான்காண்டு பி.பார்ம். அந்தக் கணக்கில் சேராது. பிளஸ் டூ முடித்தவுடனே இங்கே ஆறு ஆண்டு பார்ம்.டி. சேர்ந்தால் அந்தக் கதவு திறந்திருக்கும். இதை முதலிலேயே யாரும் சொல்லாததால் நான்காண்டு முடித்தபின் விழித்து நிற்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரியில் குடிநீரில் புளோரைடு கூடிப் பல் கறைபட்ட குழந்தைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அரூர் அருகே சிட்லிங்கியில் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் 1990-களின் தொடக்கத்தில் ஒரு சிறு குடிசையில் மருத்துவமனையைத் தொடங்கி, அந்த மலைக் கிராமத்துப் பெண்களையே செவிலியர்களாகப் பயிற்றுவித்தார்கள். நீ எங்கே படிக்கப் போனாலும், அதற்கு முன் ஒருமுறை சிட்லிங்கிக்குப் போய், அந்தப் பெண்கள் வேலை செய்வதை ஒரு நாள் முழுவதும் பார்த்துவிட்டு வா. அதன் பிறகு எனக்குக் கடிதம் எழுது. நர்சிங்கா பார்மசியா என்று அப்போது பேசலாம்.