பதில்: இந்தியப் பாஸ்போர்ட் இருக்கும் எனக்கு ஜூரி கடிதம் எப்படி வந்தது?

கடிதம் தவறி வந்துவிட்டதோ என்று பதறாதீர்கள். ஜூரி என்றால் நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் 12 சாதாரண மக்கள். இங்கிலாந்தில் ஜூரிப் பெயர்களை வாக்காளர் பட்டியலிலிருந்துதான் எடுக்கிறார்கள். இந்தியா போன்ற காமன்வெல்த் நாட்டவருக்கும் இங்கே வாக்குரிமை உண்டு என்பதால் உங்கள் பெயர் அதில் இருக்கிறது. 13 வயதுக்குப் பிறகு இங்கே தொடர்ந்து 5 வருடமாவது இருந்திருக்க வேண்டும். லண்டனுக்கு வந்து 8 வருடம் என்கிறீர்கள், சரி.

7 நாளுக்குள் பதில் அனுப்பிவிடுங்கள். பேசாமல் விட்டால் 1000 பவுண்டு வரை அபராதம். அந்த வாரம் ஊரில் தங்கை கல்யாணம் என்றால் டிக்கெட்டைக் காட்டித் தேதியைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். தள்ளிவைப்பது ஒரு தடவைதான். வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடித்தால், முதலாளியிடம் படிவம் நிரப்பி வாங்குங்கள், நீதிமன்றத்தில் ஒரு வரம்பு வரை ஈடு தருவார்கள்.

ஆங்கிலம் பற்றிய உங்கள் பயம் எனக்கும் இருந்தது. நான் ஜூரிக்குப் போனபோது முதல் நாள் முழுக்கக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் 15 பேரை உள்ளே அழைத்துப் போனார்கள். நீதிமன்ற எழுத்தர் பெயர்ச் சீட்டுகளைக் கலைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஒன்பதாவதாக என் பெயர், பாவம், உச்சரிக்கத் திணறினார். கீதையைக் கேட்டு வாங்கி உறுதிமொழி எடுத்தபோது உறுதிமொழி எழுதிய அட்டையைப் பிடித்த கை நடுங்கியது. ஆனால் வழக்கு புரிந்தது. புரியாத இடத்தில் நீதிபதிக்குக் குறிப்பு எழுதிக் கேட்கலாம், கேட்டோம். நிஜமாகவே மொழி எட்டாது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், விடுவிப்பார்கள்.

அப்புறம், வழக்கைப் பற்றி கூகுளில் தேடவே தேடாதீர்கள். அது குற்றம், ஜெயிலுக்கே போகலாம். வீட்டிலும் பேசக் கூடாது.