மயிரற்ற துன்னெலி எந்தக் குடும்பம்?

வணக்கம். மண்ணுக்கடியில் வாழும் ஆப்பிரிக்கக் கொறிவிலங்கான மயிரற்ற துன்னெலியை ஒரு நூல் ஆப்பிரிக்கத் துன்னெலிகளின் குடும்பமான பாத்தியெர்ஜிடேயிலும் இன்னொன்று தனிக் குடும்பத்திலும் வைப்பதால், உங்கள் வகைப்பாட்டு அட்டவணை பாதியில் நின்றுவிட்டது என எழுதியிருந்தீர்கள். 2014-இல் விலங்கியலாளர்கள் பேட்டர்சனும் அப்ஹாமும், அது ஏனைய ஆப்பிரிக்கத் துன்னெலிகளிடமிருந்து சுமார் 3.1 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது என்று கணித்து, ஹெட்டிரோசெபாலிடே என்ற தனிக் குடும்பத்தை முன்மொழிந்தனர். எல்லோரும் ஏற்கவில்லை என்றாலும், அவ்வளவு பழைய பிரிவைத் தனியே காட்டுவதே நேர்மை என்று கருதுகிறேன்.

ஆனால் அட்டவணையில் மயிரற்ற துன்னெலியின் கட்டத்திலேயே நீங்கள் சேர்த்துள்ள குருட்டுத் துன்னெலியான ஸ்பாலாக்ஸை அவசியம் நீக்குங்கள். கண்கள் தோலுக்கடியில் புதைந்த அவ்விலங்கு வீட்டெலியின் பெருங்கிளையைச் சேர்ந்தது. மயிரற்றதோ முள்ளம்பன்றி, கினிப்பன்றி ஆகியவற்றின் கிளை. இரண்டும் வெட்டுப்பற்களால் மண்ணைக் குடைவதும், மண் வாய்க்குள் புகாதபடி அப்பற்களுக்குப் பின்னால் உதடுகள் மூடிக்கொள்வதும் தனித்தனியே தோன்றிய தகவமைப்புகள்.