பித்தப்பைக் கல் குடலை அடைப்பது எப்படி?

கேள்வி: எனது அம்மம்மாவுக்கு 81 வயது, நீரிழிவும் உண்டு. பல வருடங்களாகப் பித்தப்பையில் கல் இருந்தது. அண்மையில் சில நாட்கள் விட்டுவிட்டு வயிற்றுநோவும் சத்தியும் வந்தன. வாய்வு என நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்தோம். பின்னர் வைத்தியசாலையில் சி.டி. ஸ்கான் எடுத்து, சிறுகுடலை அடைத்திருந்த கல்லைச் சத்திரசிகிச்சை மூலம் அகற்றினார்கள். பித்தப்பைக் கல் குடலுக்குள் எப்படிப் போனது? பித்தப்பையை ஏன் அப்படியே விட்டார்கள்?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: குடலை அடைக்கும் கல் பெரும்பாலும் 2.5 சென்ரிமீற்றரிலும் பெரியது. ஒடுங்கிய பித்தநாளத்தினூடாக அது இறங்க முடியாது. பல வருடங்களாக அது பித்தப்பைச் சுவரை அழுத்த, அழற்சி திரும்பத் திரும்ப ஏற்பட்டு, பித்தப்பை அருகிலுள்ள முன்சிறுகுடலோடு ஒட்டிக்கொள்கிறது. பின்னர் இரண்டுக்கும் இடையிலுள்ள சுவர் அரிபட்டுத் துவாரம் உண்டாக, கல் அதனூடாகக் குடலுக்குள் சென்றுவிடுகிறது. இது அரிதானது, பாதிக்கப்படுவோரில் பெரும்பாலானோர் வயது முதிர்ந்த பெண்கள். அரிதிலும் அரிதாகக் கல் முன்சிறுகுடலிலேயே தங்கி, இரைப்பையிலிருந்து உணவு இறங்கும் வழியை அடைத்துவிடும். 1896 இல் பிரெஞ்சு வைத்தியர் லியோன் புவரே விபரித்தது அந்த நிலையைத்தான். வழமையாகக் கல் சிறுகுடலின் ஒடுங்கிய கடைசிப் பகுதியிலேயே இறுகுகிறது.

அந்த இடத்தை அடையும்வரை கல் சிக்குவதும் விடுபடுவதுமாக நகர்வதால், நோவும் சத்தியும் வந்து வந்து தணிகின்றன. இந்த இடைச்சுகத்தையே நான் மிகவும் அஞ்சுகிறேன். “இன்றைக்குக் கஞ்சி குடித்தவ” என்று வீட்டார் ஆறுதலடையும் நாட்களில் உடலின் நீரும் உப்பும் குறைந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம். நீரிழிவுள்ள முதியவர்களுக்கு நோவோ காய்ச்சலோ கடுமையாகத் தெரியாமலும் போகலாம். உங்களைக் குறைகூற மாட்டேன், ஏனெனில் சாதாரண எக்ஸ்ரேயில் இக்கற்கள் பல வேளைகளில் தெரிவதில்லை. குடல் அடைப்போடு பித்தநாளங்களில் காற்றும், குடலில் கல்லும் சி.டி. ஸ்கானில் தெரியும்போதே காரணம் தெளிவாகிறது.

பித்தப்பையை விட்டுவைத்தது, எனது கருத்தில், பொருத்தமான முடிவே. உயிருக்கு ஆபத்தான அடைப்பை நீக்குவதே முதல் வேலை. ஒட்டிப்போன பித்தப்பையைப் பிரித்துத் துவாரத்தை மூடும் நீண்ட சத்திரசிகிச்சையை இந்த வயதில் பலவீனமான உடல் தாங்குவது கடினம். பலருக்குத் துவாரம் பின்னர் தானாகவே மூடிக்கொள்கிறது. எனினும் வேறு கற்கள் எஞ்சியுள்ளனவா என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்டறியுங்கள்.

மீண்டும் சத்தியோ வயிறு ஊதுதலோ ஏற்பட்டால், அல்லது நடுக்கத்துடன் காய்ச்சல் வந்து கண் மஞ்சளானால், தணியுமா என்று பார்த்திருக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். அவரது கிளினிக் கொப்பியையும் ஸ்கான் அறிக்கையையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.