ஊடகக் கலை அறிமுகப் பாடம் உண்மையில் சுலபமா?

இரண்டு கடினமான கணிதப் பாடங்களோடு, பொதுக் கல்வித் தேவைக்காக ஊடகக் கலை அறிமுகப் பாடத்தையும் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது மிகவும் சுலபம் என்று சிலரும், வாரம் தவறாமல் எழுத வைக்கிறார்கள் என்று சிலரும் சொல்வது உங்களைக் குழப்பியிருக்கிறது. இரண்டுமே உண்மைதான். இதே காரணத்துக்காக அதை எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாடம் புரிவதற்குச் சுலபம், ஆனால் நேரம் கேட்கும்.

இரண்டு நிமிடக் காட்சி ஒன்றைப் பகுத்து எழுதச் சொன்னார்கள். அரை மணி நேர வேலை என்று நினைத்து உட்கார்ந்த நான், ஒரு காட்சித்துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் ஒவ்வொரு வெட்டிலும் நிறுத்தி, கேமரா எங்கிருக்கிறது, ஒலி எப்போது மாறுகிறது என்று குறித்து முடிப்பதற்குள் ஒரு மாலைப்பொழுது கழிந்துவிட்டது. ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்துக்கு அடுத்தும் சவப்பெட்டிக்கு அடுத்தும் காட்டினால், பார்ப்பவர் அதில் முதலில் பசியையும் பிறகு துயரத்தையும் காண்கிறார் என்ற, சோவியத் திரைப்பட இயக்குநர் குலெஷோவின் சோதனை அன்றுதான் எனக்கு உண்மையாகவே விளங்கியது.

ஆகவே மதிப்பெண் பங்கீட்டைப் பார்த்து முடிவெடுங்கள். கொள்குறி வினாத் தேர்வும் வருகைப் பதிவும் பெரும்பங்கு என்றால் தயங்காமல் சேருங்கள். குழுவாகக் காணொளி தயாரிக்க வேண்டும் என்றிருந்தால், படத்தொகுப்பு விழுங்கும் இரவுகளைக் கணக்கில் வைத்து, கணிதச் சுமை குறைந்த பருவத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.