அரசியலுக்குப் பயந்து டிப்ளோமா தெரிவு செய்யாதீர்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயும் தகப்பனும் மகனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் கல்வி ஆலோசனைக்கு வந்தார்கள். மகனுக்கு இருபது வயது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழகம் போக இசட் புள்ளி போதவில்லை. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் பெரியப்பா அங்கே ஒரு கல்லூரியில் இரண்டு வருட வணிக முகாமைத்துவ டிப்ளோமா பார்த்து வைத்திருக்கிறார். பணத்துக்கு இருக்கிற வீட்டை ஈடு வைப்பதாக யோசனை. தகப்பன் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்த நாட்டு அரசியலை நம்பி ஒரு பிள்ளையை இங்க வச்சிருக்க ஏலுமோ?" மகன் ஒரு மணி நேரமும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்குச் சொன்னதை, அவர்கள் சம்மதத்தோடு, இன்னும் விரிவாக இங்கே எழுதுகிறேன். கொட்டாஞ்சேனையிலும் தெஹிவளையிலும் இதே கேள்வியோடு நிறைய வீடுகள் இருக்கின்றன.

ஐயா, உங்கள் பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். 1983 ஜூலையில் கொழும்பில் என்ன நடந்தது என்பது உங்கள் வீட்டில் பேசப்படுகிற கதை. தற்காலிகம் என்று 1979 இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் எத்தனை தசாப்தம் நின்றது என்பதும் தெரியும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற நாட்கள், 2022 இல் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் நின்ற வரிசைகள், எதுவும் கற்பனையில்லை. 2024 இல் ஆட்சி மாறியது, யாழ்ப்பாண மாவட்டத்திலேயே தேசிய மக்கள் சக்தி முதலாவதாக வந்தது. அதை நம்பச் சொல்லி நான் கேட்கவில்லை. அடுத்த தேர்தலில் என்ன வரும் என்று எனக்கும் உங்களுக்கும் தெரியாது.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் எழுதியதற்காக, போராடியதற்காக, காணாமல்போனவர்களைத் தேடியதற்காக வீட்டுக்கு ஆட்கள் வந்து விசாரிக்கிறார்கள் என்றால், அவர் போகத்தான் வேண்டும். அவர் கல்வி ஆலோசகரிடம் வரக்கூடாது, நல்ல சட்டத்தரணியிடம் போகவேண்டும். உங்கள் மகனுக்கு அப்படி எதுவும் இல்லை. உங்களிடம் இருப்பது நாற்பது வருடக் களைப்பு. அந்தக் களைப்பு நியாயமானது. ஆனால் அதை வைத்து ஒரு பிள்ளை எந்தப் பாடம் படிப்பது என்று முடிவெடுக்க முடியாது. நாட்டை விட்டுப் போவதா என்பது ஒரு கேள்வி, வணிக முகாமைத்துவம் படிப்பதா என்பது இன்னொரு கேள்வி. உங்கள் வீட்டில் முதல் கேள்வியின் அவசரத்தில் இரண்டாவதை யாருமே கேட்கவில்லை.

கேட்டிருந்தால் இது தெரியவந்திருக்கும். கனடாவிலும் அரசியல் இருக்கிறது, அதன் பெரிய பேசுபொருள்களில் ஒன்று உங்கள் மகனைப் போன்ற வெளிநாட்டு மாணவர்கள்தான். 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு அறிவித்தார்கள். அதே வருடம் நவம்பர் 1 முதல், பட்டம் அல்லாத கல்லூரிப் படிப்பை முடிப்பவர்களுக்கு, அவர்கள் படித்த துறை அரசு வெளியிட்ட பட்டியலில் இருந்தால்தான் படிப்புக்குப் பிந்திய வேலை அனுமதி என்று ஆக்கினார்கள். வணிக முகாமைத்துவ டிப்ளோமா அந்தப் பட்டியலில் இல்லை. அதாவது, பெரியப்பா பார்த்து வைத்த படிப்பை உங்கள் மகன் நன்றாகப் படித்து முடித்தாலும், முடிந்த கையோடு அவனிடம் வேலை அனுமதி இருக்காது. பெரியப்பா கெட்டவர் இல்லை. அவர் போன காலத்துச் சட்டத்தை வைத்துப் பேசுகிறார், அவ்வளவுதான்.

செலவுக்கு வருவோம். இதில் நான் கொஞ்சமும் இளகமாட்டேன். முதல் வருடக் கட்டணமும் விமானச் சீட்டும் போக, வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 22,895 கனேடிய டொலர் (2025 செப்டெம்பரில் நிர்ணயித்த தொகை) இருப்பதாகக் காட்டச் சொல்கிறார்கள். நம் பணத்தில் அது ஐம்பது லட்சம் அளவில் வரும். அதற்கு மேல் கல்லூரிக் கட்டணம். 2022 இன் முதல் சில மாதங்களில் அமெரிக்க டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதுக்கு ஏறியதை மறக்காதீர்கள். பிள்ளையை முதல் வருடம் அனுப்பிவிட்டு இரண்டாம் வருடக் கட்டணத்துக்குத் தாலிக்கொடியை விற்ற வீடுகள் எனக்குத் தெரியும். இந்த நாட்டின் அரசியலுக்குப் பயந்து போகிறீர்கள், ஆனால் அந்தப் படிப்பின் கட்டணம் முழுவதும் இந்த நாட்டின் ரூபாயில்தான் தொங்குகிறது. அப்புறம், வீட்டில் சாதாரண தரம் எழுதப்போகும் ஒரு மகளும் இருக்கிறாள். ஈடு வைக்கும் வீட்டில் அவளுக்கும் பங்கு உண்டு. அவளிடம் யாரும் கேட்கவில்லை.

"போய் இறங்கினால் பிறகு அகதிக் கோரிக்கை போடலாம்" என்று ஒருவர் சொன்னதாகத் தாய் மெதுவாகச் சொன்னார். வேண்டாம் அம்மா. உண்மையான ஆபத்தில் இருப்பவர்களின் வழி அது. இல்லாத கதையைச் சொல்லி அகப்பட்டால், பொய்த் தகவலுக்காக ஐந்து வருடம் கனடாவுக்குள் நுழையத் தடை வரலாம். இருபது வயதுப் பிள்ளையின் பெயரில் அப்படியொரு பதிவை உண்டாக்க உங்களுக்கு உரிமை இல்லை.

சரி, மகன். அவனைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டபோதுதான் பேசினான். சனி, ஞாயிறுகளில் நண்பனின் மாமா நடத்தும் கராஜில் நிற்கிறான். ஹைபிரிட் கார்களின் பற்றரியைக் கழற்றி, பழுதான செல்லை மட்டும் மாற்றிப் பூட்டுவதை அவன் விளக்கியபோது கைகளெல்லாம் பேசின. செம்மஞ்சள் நிற வயரைத் தொடுவதற்கு முன் என்ன செய்யவேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தான். உயர் மின்னழுத்தம் போகிற வயர் அது, தவறினால் உயிர் போகும். 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலில் முதல் தடவை வாக்களித்ததையும் சொன்னான். நாட்டை விட்டுப் போக விருப்பமா என்று கேட்டேன். "இப்ப இல்லை. பிறகு பார்க்கலாம்" என்றான். அந்தப் பதிலை நான் மதிக்கிறேன், நீங்களும் மதிக்கவேண்டும்.

அவனுக்கு நான் காட்டும் இடம் கிளிநொச்சி, அறிவியல் நகர். அங்கே இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஜேர்மன் அரசின் உதவியோடு கட்டி 2016 இல் திறந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் பக்கத்தில். வாகனத் தொழில்நுட்பம், இயந்திரவியல், மின்னியல், கட்டுமானம், உணவுத் தொழில்நுட்பம், தகவல் தொழில்நுட்பம் என்று பிரிவுகள். கொழும்பிலுள்ள தமிழ்ப் பெற்றோரில் பலர் இதன் பெயரையே கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்டவர்களும் "அது அங்கத்தைப் பிள்ளைகளுக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். அப்படியில்லை. நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் மூன்று இனப் பிள்ளைகளும் வருகிறார்கள். படிப்பு ஆங்கிலத்தில். அரச நிறுவனம் என்பதால் தனியார் கல்லூரிபோல் லட்சக்கணக்கில் கட்டணம் கிடையாது. உங்களுக்கு வருவது சாப்பாடு, தங்குமிடம், போக்குவரத்து.

அங்கே கிடைப்பது தேசிய தொழிற் தகைமை, என்விகியூ என்று சொல்வோமே, அது. ஏழு மட்டம் கொண்டது. நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு நிர்ணயிக்கிற தரம் என்பதால், சான்றிதழின் பெறுமதி நிறுவனத்தின் பெயரில் மட்டும் தங்கியில்லை. படிப்பின் ஒரு பகுதி வேலைத்தளத்தில் நடக்கும், மேசையில் இருந்து முடிக்கிற படிப்பில்லை இது. ஐந்து அல்லது ஆறாம் மட்டம் முடித்தவனுக்கு இரத்மலானையில் தொழிற்கல்விப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. 2008 இல் பாராளுமன்றச் சட்டத்தால் உருவான அரச பல்கலைக்கழகம் அது. உங்கள் வீட்டிலிருந்து காலி வீதியால் பஸ்ஸில் போகிற தூரம். "பல்கலைக்கழகம் போகாதவன்" என்று உறவினர் சொல்கிற கதவு முழுவதுமாகச் சாத்தப்படவில்லை.

கராஜில் அவன் ஏற்கெனவே கற்றதும் வீணில்லை. முன்கற்றலை மதிப்பிட்டுத் தகைமை கொடுக்கும் முறை ஒன்று உண்டு. நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையில் விசாரித்தால் சொல்வார்கள். செய்து காட்டவேண்டும், செய்த வேலைக்கு அத்தாட்சி வேண்டும். இன்றிலிருந்தே அவன் செய்யும் ஒவ்வொரு வேலையையும் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதட்டும்.

வேலை இருக்குமா என்று கேட்பீர்கள். 2020 இல் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். ஐந்து வருடம் இந்த நாடு பழைய வாகனங்களைத் திருத்தித் திருத்தியே ஓடியது. வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பாருங்கள், எத்தனை குடும்பங்கள் அதில் நிற்கின்றன என்று தெரியும். இப்போது மின்சார வாகனங்கள் ஷோரூம்களில் நிற்கின்றன. இயந்திரம் தெரிந்த பாஸ்மார் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். இயந்திரமும் உயர் மின்னழுத்தமும் கணினிப் பரிசோதனையும் சேர்த்துத் தெரிந்தவர்கள் குறைவு. உங்கள் மகன் அந்த இடைவெளியின் வாசலில் நிற்கிறான். அவனை அங்கிருந்து இழுத்துக் கணக்கியல் வகுப்பில் உட்காரவைக்கப் பார்க்கிறோம்.

கிளிநொச்சி என்றதும் தாயின் முகம் மாறியது. அவர் பிறந்தது பரந்தன். சின்ன வயதில் சூட்கேசோடு வெளிக்கிட்டவர், திரும்பி அங்கே குடியிருக்கவில்லை. "அங்கயிருந்து தப்பிவர எவ்வளவு பட்டனாங்கள், திரும்ப என்ர பிள்ளையை அங்க அனுப்பவோ?" என்றார். அந்தக் கேள்விக்கு அவசரப் பதில் சொல்வது மரியாதையில்லை. 2009 ஜனவரியில் அந்த நகரம் எந்த நிலையில் இருந்தது என்பது அவருக்கு என்னைவிடத் தெரியும். ஆனால் அம்மா, அந்த யுத்தம் முடியும்போது உங்கள் மகனுக்கு மூன்று, நான்கு வயது. அவனுக்கு அது ஏ9 வீதியில் ஒரு நகரம், முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போகிற வழி, நல்ல பட்டறை உள்ள ஒரு நிறுவனம். உங்கள் நினைவு உங்களுடையது, அதை அவன் மதிக்கவேண்டும். ஆனால் அந்த நினைவை வைத்து அவனுடைய இடத்தைத் தீர்மானிக்க வேண்டாம். முதலில் நீங்கள் இருவரும் அவனோடு போய் அந்த வளாகத்தைப் பாருங்கள். பார்த்தபிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், கல்கிசையில் காலி வீதியில் இருக்கும் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கலாம். 1959 இலிருந்து இருக்கிறது, வாகனத் துறையில் பெயர்பெற்றது. போட்டி அதிகம்.

"பிறகு ஒருநாள் போகவேண்டி வந்தால்?" என்பது தகப்பனின் கடைசிக் கவலை. அதற்கும் இந்த வழிதான் நல்லது. வாகனத் தொழில்நுட்பவியலாளர் வேலை கனடாவில் ரெட் சீல் எனப்படும் தேசிய தரத்துக்குள் வருகிறது. அவுஸ்திரேலியாவில் மோட்டார் மெக்கானிக்குகளின் தகைமையையும் அனுபவத்தையும் மதிப்பிட அரச அமைப்பு உண்டு. எங்கேயும் நம் சான்றிதழை அப்படியே ஏற்பார்கள் என்று நினைக்கவேண்டாம். மதிப்பீடு உண்டு, ஆங்கிலப் பரீட்சை உண்டு, சில இடங்களில் மறுபடி பரீட்சை எழுதவும் வேண்டும். அங்கே எடைபோடப்படுவது அவன் வேலை செய்த வருடங்களும் அவற்றுக்கான அத்தாட்சியும். ஆகவே தம்பி, இது உனக்கு: கையில் காசு தருகிறேன், ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) வேண்டாம் என்று சொல்லும் கராஜில் நிரந்தரமாக நிற்காதே. உன் சம்பளத்தில் எட்டு வீதமும் முதலாளியின் பன்னிரண்டு வீதமும் மாதாமாதம் போகட்டும். நீ எங்கே, எப்போதிலிருந்து எப்போதுவரை வேலை செய்தாய் என்பதற்கு அந்தப் பதிவைப் போல அத்தாட்சி வேறில்லை. வேலையை விடும்போது செய்த பணிகளை விபரமாக எழுதிய கடிதம் வாங்கு. கடவுச்சீட்டைக் காலாவதியாக விடாதே. இருபத்தைந்து வயதில், கையில் தொழிலோடும் கடன் இல்லாமலும், போவதா இருப்பதா என்று நீயே முடிவெடு. அன்றைக்கு அரசியல் எப்படி இருக்கிறது என்று பார்த்து எடுக்கிற முடிவாக அது இருக்கட்டும்.

உறவினர் பேச்சைப் பற்றி ஒரு சொல். "கராஜில நிற்கிறான்" என்று கல்யாண வீடுகளில் கேட்கவேண்டி வரும் என்று தாய் பயப்படுகிறார். கேட்கத்தான் வேண்டிவரும். அந்தச் சங்கடத்தைத் தவிர்க்க வீட்டை ஈடு வைப்பது நியாயமான விலை இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மகன் புத்தகத்தோடு இருக்க விரும்புகிறவனாக இருந்தால் வேறு இடம் காட்டியிருப்பேன்.

இந்த வாரம் செய்யவேண்டியவை மூன்று. கனேடியக் கல்லூரிக்கு முற்பணம் கேட்டிருக்கும் முகவருக்கு இனி ஒரு ரூபாயும் கட்டவேண்டாம். ஏற்கெனவே கட்டிய பதிவுக் கட்டணத்தைத் திருப்பித் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்தது, கிளிநொச்சிக்கான விண்ணப்பத்தை மகன் தன் கையாலேயே நிரப்பட்டும். மூன்றாவது, பெரியப்பாவிடம் வேலை அனுமதி பற்றிய விதியைச் சொல்லி, கல்லூரியின் பதிலை எழுத்தில் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள்.